ஓல்டம் பஞ்சாலைக் குடும்பத்தின் முன்னோரைத் தேடுகிறோம் – மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேவாலயப் பங்குப் பதிவேடு தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

ஓல்டம் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய ஓல்டம். கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாலைத் தொழிலாளிகள்.

என் மாமியாருக்கு 84 வயது. தன் தாத்தா வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். தாத்தா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர், 1960-களில் இறந்தார். அவருக்கு முந்தியவர்கள் யார், எந்த ஊர் என்பது தெரியாது. நிலம், வீடு, உயில், கடிதம் எதுவும் அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. "எங்க ஆளுங்க எங்கிருந்து வந்தாங்கன்னு பார்த்துச் சொல்லேன்" என்று அத்தை கேட்டார். அதனால் தேடுகிறேன்.

சிக்கல் இரண்டு. 1911 கணக்கெடுப்பில் தாத்தா பெயரில், ஏறக்குறைய அதே வயதில், ஓல்டமிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். பெயர் அவ்வளவு சாதாரணமான பெயர். (உறவினர்கள் உயிருடன் இருப்பதால் இங்கே போடவில்லை.) இன்னொன்று, இணையத்தில் யாரோ போட்டிருக்கும் குடும்ப மரம் இவரை 1600-களின் செஷயர் நிலக்கிழார் வம்சத்தோடு இணைக்கிறது. நம்பலாமா?

பழையஏடு

வாங்க. அந்த மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, ஒரு தலைமுறையும் தாண்டாமல் பின்னோக்கிப் போக வேண்டும். மூன்று பேரில் உங்கள் ஆள் யார் என்பதை 1911-ஐ உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் தீர்க்க முடியாது. முன்னால் வந்து 1939 பதிவேட்டைப் பாருங்கள். போர் தொடங்கிய கையோடு, 29 செப்டம்பர் 1939 அன்று, அடையாள அட்டைக்காகவும் ரேஷனுக்காகவும் வீடு வீடாக எழுதியது அது. வயதுக்குப் பதிலாகப் பிறந்த தேதியே இருக்கும். தாத்தா மனைவி மக்களோடு எந்தத் தெருவில் இருந்தார் என்பது அத்தைக்கு நினைவிருக்கும். தேதி கையில் கிடைத்துவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். அதில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருக்கும். மூன்று பேரைப் பிரித்துக் காட்டப்போவது அந்தப் பெயர்தான்.

உங்களுக்கு எதெது கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதியத் தொடங்கியது 1 ஜூலை 1837. கணக்கெடுப்பு 1801-லிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. நாடு முழுக்க ஆட்களின் பெயரோடு ஏடுகள் இருப்பது 1841-லிருந்து. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், எந்த ஊரில் பிறந்தவர் எல்லாம் உண்டு. 1921 வரை திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய ஓட்டை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் தீவிபத்தில் எரிந்துபோயின, 1941-இல் போரால் எடுக்கவே இல்லை. 1939 பதிவேடு விலைமதிப்பற்றது என்று சொல்வது இதனால்தான்.

1837-க்கு முன்னால் பங்குக் கோயில்களின் (அந்தந்த ஊர்த் தேவாலயங்களின்) ஏடுகள்தான். தாமஸ் குரோம்வெல் 1538-இல் போட்ட உத்தரவிலிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வருகிறார்கள். எல்லாப் பங்கிலும் அவ்வளவு பழையவை மிஞ்சவில்லை.

இதெல்லாம் கருவிகள். தொழிலாளிக் குடும்பத்தைத் தேடும்போது ஒரு விஷயத்தை மட்டும் விடாதீர்கள்: ஆளின் பெயரைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள். மனைவி, பிள்ளைகளின் பெயர் வரிசை, மாமியார், வாடகைக்கு ஒண்டியிருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், கல்யாணச் சாட்சி. சொத்து இல்லாதவர்களுக்கு இந்தச் சுற்றம்தான் அடையாளம்.

வெம்பிளிக்காரன்

அக்கா, நான் மாறிச் சொல்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். மரங்களை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. என் மனைவி கென்ட் பக்கத்து ஆள். அவருடைய கிளையில் பாதி, தூரத்து உறவினர் போட்ட மரத்தால்தான் கெதியாகக் கிடைத்தது. ஒரே தகவலை நாற்பது பேர் போட்டிருந்தால் ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும்?

பழையஏடு

உறவினர் ஒருவர் சான்றிதழ் படத்தோடு போட்ட மரம் நல்ல துணை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது மரங்கள் என்றால் நாற்பது சாட்சி ஆகிவிடாது. ஒருவர் போட்டதை முப்பத்தொன்பது பேர் ஒரு பொத்தானை அழுத்திப் பிரதி எடுத்திருப்பார்கள்.

எல்லா மரமும் ஏன் நிலக்கிழார் வீட்டில் போய் நிற்கிறது? அவர்களுக்கு உயில் இருந்தது, நிலப் பத்திரம் இருந்தது, வம்சாவளியை அச்சிட்டு வைத்தார்கள். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கூலிக்காரருக்குப் பங்கு ஏட்டில் ஒரே ஒரு வரி. அதே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்தால், காகிதம் அதிகமுள்ள வீட்டுக் குழந்தையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதில் அடக்கமான பதிவு அடுத்த பக்கத்திலேயே இருக்கும், யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஞானஸ்நானத்தை உங்கள் ஆளுடையது என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அடக்க ஏட்டைப் பார்த்தே ஆக வேண்டும். நான் ஒருபோதும் தளர்த்தாத விதி இது.

ஓல்டம் மருமகள்

மிக்க நன்றி. 1939-இல் அகப்பட்டுவிட்டார்! அத்தை சொன்ன அதே தெரு, பிறந்த வருஷம் 1889. பிறப்புச் சான்றிதழ் வாங்கினேன். அப்பா அம்மா பெயர் கிடைத்ததும் 1911-இல் இருந்த மூன்று பேரில் ஒருவர்தான் பொருந்தினார். பெற்றோர் வீட்டிலேயே, கல்யாணமாகாமல், 'பீசர்' என்று தொழில் போட்டிருக்கிறது.

அந்தத் தாளை அப்பாவே தன் கையால் நிரப்பியிருக்கிறார். கல்யாணமாகி எத்தனை வருஷம்: 30. உயிருடன் பிறந்த பிள்ளைகள்: 9. இப்போது இருப்பவர்கள்: 5. இறந்தவர்கள்: 4. அத்தையிடம் காட்டினேன். தன் தாத்தாவுக்கு இறந்துபோன உடன்பிறப்புகள் இருந்ததே அவருக்குத் தெரியாது. அந்த நாலு பேரின் பெயரையாவது கண்டுபிடிக்க முடியுமா?

பீசர் என்றால் என்ன வேலை?

கோவை மில்காரர்

அம்மணி, பீசரைப் பற்றி நான் சொல்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன்.

நம் மில்களில் ரிங் ஃப்ரேம். சைடர் நூலை ஒட்டுவார், டாஃபர் நிறைந்த பாபினைக் கழற்றுவார். ஓல்டமில் பெரும்பாலும் மியூல் என்ற வேறு மெஷின். நூற்றுக்கணக்கான கதிர்கள் பூட்டிய நீளமான வண்டி ஒன்று தரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது இழுத்து முறுக்கும், உள்ளே போகும்போது சுற்றும். அறுந்த இழையை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட நடந்து குனிந்து விரலால் ஒட்டுகிறவர்தான் பீசர். தரை முழுக்க எண்ணெய், அதனால் வெறுங்காலோடு நடப்பார்கள். மியூலைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் மைண்டர். அவருக்குக் கீழே இரண்டு பீசர், ஒருவர் பெரியவர், ஒருவர் பையன். பீசருக்குக் கூலியை மில் நேரடியாகக் கொடுப்பதில்லை, மைண்டர் தன் கூலியிலிருந்து பிரித்துக் கொடுப்பார். பீசராக இருந்தே வயதானவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் மைண்டர் இடம் காலியாக வேண்டுமே.

தாத்தாவின் அப்பா மைண்டராக இருந்தால் மகன் அவருடைய மெஷினிலேயே பீசராக இருந்திருக்கலாம். கணக்கெடுப்பில் அப்பாவின் தொழிலைப் பாருங்கள். இன்னொன்று, பழைய இறப்புச் சான்றிதழ் வாங்கினால் காரணத்தைக் கவனியுங்கள். மியூல் எண்ணெயால் வந்த தோல் புற்றுநோய் பிற்காலத்தில் தொழில் நோயாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதி ஆட்களுக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சு அடைப்பு. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் அதிகமாகும். எங்கள் மில்லிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஓல்டம் மருமகள்

ஐயா, இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் தொழில் 'செல்ஃப் ஆக்டர் மைண்டர்' (தானாக ஓடும் மியூலின் மைண்டர்). நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம்.

பழையஏடு

1911-இல் வீட்டுக்காரர் எழுதிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தன் ஏட்டில் எழுதிய பிரதி. அதனால் உங்கள் கையில் இருப்பது அவருடைய சொந்தக் கையெழுத்து. அத்தைக்கு அச்செடுத்துக் கொடுங்கள்.

நாலு குழந்தைகளுக்கு வருகிறேன். கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கவும் வேண்டும். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தை எந்தக் கணக்கிலும் வராது. அந்த 1911 தாள் இல்லாவிட்டால் அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது.

பதிவுத்துறையின் சொந்த இணையக் குறியீட்டில் (இன்டெக்ஸ், அதாவது பெயர்ப் பட்டியல்) பிறப்புகளுக்கு 1837 முதலே அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், இறப்புகளுக்கு வயதையும். மற்ற தளங்களிலுள்ள பழைய குறியீட்டில் அம்மாவின் பெயர் 1911 ஜூலையிலிருந்துதான் இருக்கும், அதனால் இங்கேயே தேடுங்கள். குடும்பப்பெயர், அம்மாவின் பெயர், பதிவு வட்டம் ஓல்டம் என்று கொடுத்து 1880 முதல் 1911 வரை பிறப்புகளை எடுங்கள். ஒன்பது வர வேண்டும். உயிருடன் இருக்கும் ஐந்தைக் கழியுங்கள். மிஞ்சும் பெயர்களை அதே வட்டத்தில் இறப்புப் பக்கம் தேடுங்கள்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் குழம்ப வேண்டாம். குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம். ஒரு மேரி இறந்து அடுத்த மேரி வளர்ந்திருப்பாள். பெயர் திரிவதையும் கவனியுங்கள். மேரி பாலி ஆவாள், எலிசபெத் பெட்டி ஆவாள், ஆன் நான்சி ஆவாள், சாரா சாலி ஆவாள். ஓல்டம் சேர்ந்திருந்த லங்காஷயர் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பேச்சில் வார்த்தை முதலில் வரும் 'ஹ' விழுந்துவிடும், எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதுவார். அதனால் குடும்பப்பெயரின் முதல் எழுத்தை நம்பித் தேடினால் ஆள் தப்பிவிடுவார்.

அடக்கமான இடத்துக்கு நகராட்சி இடுகாட்டுப் பதிவேடுகள் உண்டு, கிரீனேக்கர்ஸ், சாடர்டன் இரண்டையும் பாருங்கள். கல்லறைக் கல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காசில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் பொதுக் குழியில், சம்பந்தமில்லாத பலரோடு அடக்கமானார்கள். ஆனால் குழி எண் ஏட்டில் இருக்கும்.

பங்குக்கோயில் தெரு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தூத்துக்குடி. என் தாத்தாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இதே மாதிரி நம் ஊர்க் கணக்கெடுப்பிலும் பெயர் தேட முடியுமா?

பழையஏடு

கணக்கெடுப்பில் முடியாது. இந்தியாவில் 1872-லிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அட்டவணை போட்டு முடிந்ததும் தனி ஆள் விவரம் எழுதிய தாள்களை அழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அந்த ஏடுகளை யாரும் பார்வையிடவும் உரிமை கிடையாது. வெள்ளைக்காரன் தன் நாட்டுக் கூலிக்காரன் பெயரை வைத்துக்கொண்டான், நம் ஊர்க் கூலிக்காரன் வெறும் எண்ணாகிப் போனான். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

ஆனால் உங்களுக்குக் கோயில் ஏடு இருக்கிறது. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். 1908-லிருந்து, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தப் பங்கிலிருந்து தகவல் வந்து அவருடைய ஞானஸ்நானப் பதிவிலேயே குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போன பெண் அங்கே கல்யாணம் செய்திருந்தால் அந்தக் குறிப்பு தூத்துக்குடி ஏட்டின் ஓரத்தில் இருக்கலாம். பங்குத்தந்தையிடம் மரியாதையாகக் கேளுங்கள், வருஷத்தைத் தோராயமாகவாவது சொல்லுங்கள். ஏடுகள் சில லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், அதே பத்துச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இதற்குத் தனி இழை தொடங்கினால் இன்னும் பலர் வருவார்கள்.

ஓல்டம் மருமகள்

நாலு பேரும் கிடைத்துவிட்டார்கள். மூன்று பேர் ஒரு வயது நிரம்பாதவர்கள், ஒருத்தி மூன்று வயது. நீங்கள் சொன்னது போலவே ஒரு எலிசபெத் இறந்து இரண்டு வருஷம் கழித்து இன்னொரு எலிசபெத். அந்த இரண்டாவது எலிசபெத்தை அத்தைக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அவர் மடியில் விளையாடியிருக்கிறார்.

இப்போது மேலே போகிறேன். தாத்தாவின் பெற்றோர் கல்யாணம் 1880. மாப்பிள்ளைக்கு 23 வயது. அப்பா என்ற இடத்தில் ஒரு பெயர், தொழில் கைத்தறி நெசவாளர். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறார், பெண் எக்ஸ் குறிதான் போட்டிருக்கிறாள்.

இந்த மாப்பிள்ளையை 1871-இல் 14 வயதில் பார்த்தேன், அப்போதே பீசர். 1861-இல் 4 வயது, 'மகன்' என்று போட்டிருக்கிறது. வீட்டுத் தலைவர் அதே கைத்தறி நெசவாளர், 56 வயது. மனைவிக்கு 54. அப்படியானால் 50 வயதில் பிள்ளை பெற்றாரா? வயதைத் தவறாக எழுதியிருப்பார்களா?

மேயோ வீட்டு மாப்பிள்ளை

அது பேரனாக இருக்கும் என்று நினைக்கிறேன். மூத்த பெண் யாராவது இருக்கிறாளா பாருங்கள். என் மனைவி வீடு அயர்லாந்தின் மேயோ. அங்கே 1901-க்கு முந்தைய கணக்கெடுப்பு அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை, பல ஏடுகள் 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன, மற்றவற்றை அரசே அழித்தது. அதனால் 1901, 1911 இரண்டையும் சல்லடை போட்டுத் தேடி எனக்குப் பழக்கம். 'மகன்' என்று எழுதிய பேரன்களை நிறையப் பார்த்தாயிற்று.

பழையஏடு

நானும் அதையே சந்தேகிக்கிறேன். 1857 பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். குறியீட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அம்மா கல்யாணமாகாதவள் என்று பெரும்பாலும் பொருள்.

கல்யாணச் சான்றிதழில் உள்ள அப்பா பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை, மாப்பிள்ளை சொன்னதை எழுதுவார்கள். வளர்த்த தாத்தாவையே அப்பா என்று சொல்வது வழக்கம்தான். அவரே அப்படித்தான் நம்பியிருக்கவும் கூடும்.

ஓல்டம் மருமகள்

வந்துவிட்டது. அம்மா, அந்தக் குடும்பத்தின் மூத்த மகள், அப்போது 22 வயது. அப்பா கட்டத்தில் ஒரு கோடு.

இப்போது கேட்க வருவது வேறு. அத்தை இன்னும் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். இதைச் சொல்லலாமா?

வெம்பிளிக்காரன்

வேண்டாம் அக்கா. 84 வயதில் அவருக்கு இது எதற்கு? மரத்தில் தாத்தா பாட்டியைப் பெற்றோர் என்றே போட்டுவிடுங்கள். அவர்கள்தானே வளர்த்தார்கள். அந்தப் பெண்ணும் மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பாள். இறந்தவருடைய விருப்பத்துக்கும் மரியாதை வேண்டும்.

மேயோ வீட்டு மாப்பிள்ளை

மறைத்தது அந்தப் பெண்ணா, அவளை மறைக்க வைத்தவர்களா? என் மனைவி வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. பெரியவர்கள் மூடி வைத்தார்கள். கடைசியில் டிஎன்ஏ சோதனை செய்த யாரோ ஒருவர் கடிதம் எழுதித்தான் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. நடந்ததை விட, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் அவர்களுக்கு வலித்தது. உள்ளதைச் சொல்லுங்கள்.

பங்குக்கோயில் தெரு

வெம்பிளி அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டியை அம்மா என்று எழுதினால் பெற்றவள் அந்த மரத்தில் எங்கேயுமே இருக்க மாட்டாள். மில்லில் வேலை பார்த்து, ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையைப் பெற்றவள் அவள். அவளை அழிப்பது சரியில்லை.

பழையஏடு

அத்தையிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "சங்கடமான விஷயம் வந்தாலும் தெரிஞ்சுக்கணுமா?" பதிலை அவர் சொல்லட்டும். தேடத் தொடங்கும்போதே எல்லோரும் இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் பதிவு செய்யும் மரத்தில் பொய்யை எழுதாதீர்கள். உங்கள் பிள்ளைகள் அதிலிருந்துதான் மேலே தேடுவார்கள்.

தகப்பன் யார் என்று தேட விரும்பினால் ஒரு வழி உண்டு. 1844 சட்டத்துக்குப் பிறகு, கல்யாணமாகாத தாய் பிள்ளையின் செலவுக்காகத் தகப்பன் மீது உள்ளூர் நீதிபதிகளிடம் மனு போடலாம். ஏடுகள் எல்லாம் மிஞ்சவில்லை, ஆனால் அந்தக் காலத்து உள்ளூர்ப் பத்திரிகைகள் இந்த வழக்குகளைச் செய்தியாகப் போட்டன. ஞானஸ்நான ஏட்டிலும் சில குருமார் தகப்பன் பெயரைக் குறித்து வைத்திருப்பார்கள்.

ஓல்டம் மருமகள்

கேட்டேன். "எனக்கு எல்லாமே தெரியணும், நான் என்ன குழந்தையா" என்றார். சொன்னேன். அவள் பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்டார். தகப்பனைத் தேட வேண்டாம், அவளைத் தேடு என்று சொல்லிவிட்டார்.

தேடினேன். 1859-இல் வேறொருவரைக் கல்யாணம் செய்திருக்கிறாள். 1861 ஏட்டில் அதே பக்கத்திலேயே, பெற்றோர் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, கணவனோடு இருக்கிறாள். தொழில் கார்டு ரூம். வீட்டில் குழந்தை இல்லை. வீட்டைத் தேடு, பக்கத்து வீட்டைப் பார் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் படித்தே இருக்க மாட்டேன்.

1851-இல் இந்தக் குடும்பம் கிடைக்கவில்லை. 1841-இல் இருக்கிறார்கள், ஓல்டமிலேயே. நெசவாளருக்கு 35, மனைவிக்கு 30, மூத்தவளுக்கு 6, ஒரு பையனுக்கு 1. வயது ஒத்துவரவில்லையே? பிறந்த இடம் என்பதில் ஊர் இல்லை, இதே கவுண்டியில் பிறந்தவரா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். முதல் மூன்று பேருக்கும் 'இல்லை', பையனுக்கு 'ஆம்'. அப்படியானால் வெகு தூரத்திலிருந்து வந்தவர்களா?

பழையஏடு

வயது ஒத்துத்தான் வருகிறது. 1841-இல் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 36 என்றால் 35, 34 என்றால் 30. குழந்தைகளுக்கு உள்ளபடி எழுதினார்கள்.

1851 கிடைக்காததற்கு நீங்கள் பொறுப்பில்லை. மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்து ஏடுகள் பல அந்த ஆண்டுக்குத் தண்ணீரில் நனைந்து பாழாயின, ஓல்டமும் அதில் சேர்த்தி. மான்செஸ்டர் மற்றும் லங்காஷயர் குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் மங்கிய பக்கங்களை வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்து எழுத்தெழுத்தாகப் பிரதி எடுத்தார்கள். அதில் தேடுங்கள். அந்தத் தன்னார்வலர்கள் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று அதைப் பார்த்தால் புரியும்.

'இல்லை' என்பதற்கு வருவோம். 1861-இல் அந்த நெசவாளருக்குப் பிறந்த இடம் என்ன போட்டிருக்கிறது?

ஓல்டம் மருமகள்

யார்க்ஷயர், அடுத்த சொல் சரியாகப் புரியவில்லை. 'சேடில்' என்று தொடங்குகிறது.

பழையஏடு

சேடில்வர்த்! உங்கள் வீட்டிலிருந்து சில மைல்தான். இன்று அது ஓல்டம் நகராட்சிக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அப்படி ஆனது 1974-இல். அதற்கு முன் யார்க்ஷயரின் மேற்குப் பிரிவு. பென்னைன் மலையின் மேற்குச் சரிவில், ஓல்டம் பக்கமே இருந்தாலும் கவுண்டி வேறு என்பதால் 'இல்லை'. இன்னும் வேடிக்கை, திருச்சபைக் கணக்கில் அது லங்காஷயரின் ராச்டேல் பங்கைச் சேர்ந்தது. அதனால் யார்க்ஷயர், லங்காஷயர் இரண்டு பக்கமும் தேட வேண்டியிருக்கும்.

கதையும் பொருந்துகிறது. சேடில்வர்த் கம்பளி நெசவு ஊர். மலைக் கிராமங்களில் வீட்டு மாடியில் தறி போட்டு, வெளிச்சத்துக்காக வரிசையாக ஜன்னல் வைத்திருப்பார்கள், அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. விசைத்தறி வந்ததும் கைத்தறிக் கூலி விழுந்தது. மூத்தவள் 'இல்லை', பையன் 'ஆம்' என்பதால் 1835-க்கும் 1840-க்கும் நடுவில் இறங்கி வந்திருக்கிறார்கள். பிள்ளைகளை மில் எடுத்துக்கொள்ளும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1844 தொழிற்சாலைச் சட்டமே 8 வயதுக் குழந்தையை அரைநேர வேலைக்கு அனுமதித்தது.

மூத்தவள் பிறந்தது 1837-க்கு முன்னால், ஆகவே பங்கு ஏடுதான். அப்பர்மில் மேலேயுள்ள புனித சாட் கோயில் ஞானஸ்நான ஏட்டைத் தேடுங்கள், முதலில் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில், காசில்லை. 1813 முதல் அச்சடித்த படிவத்தில் எழுதியதால் அப்பாவின் தொழிலும் எந்தக் குக்கிராமம் என்பதும் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் டெல்ஃப் போன்ற இடங்களில் இருந்த சுயாதீனச் சபைகளைப் பாருங்கள். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) அல்லாத சபைகளின் பழைய ஏடுகளை அரசு திரட்டி வாங்கி வைத்தது, அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன.

கோவை மில்காரர்

தறி வேலைக்குக் கூலி போய், பிள்ளைகளை மில்லுக்கு அனுப்பியது. எங்கள் பக்கத்திலும் நெசவாளர் வீடுகளில் இதேதான் நடந்தது அம்மணி. தொடருங்கள், தினமும் வந்து பார்க்கிறேன்.

தாத்தா எந்த மில் என்று தெரியுமா?

பழையஏடு

அதற்கு 1921 கணக்கெடுப்பு. 19 ஜூன் 1921 அன்று எடுத்தது. வேலை கொடுத்தவர் பெயரும் வேலை செய்த இடமும் எழுதச் சொன்னார்கள். மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் காசில்லாமல் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓல்டம் மருமகள்

ஞானஸ்நானம் கிடைத்தது! புனித சாட், 1835. அப்பா பெயர், அம்மா பெயர், தொழில் 'நெசவாளர்', குக்கிராமத்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. அடக்க ஏட்டிலும் பார்த்துவிட்டேன், அந்தப் பெயரில் குழந்தை யாரும் இறக்கவில்லை. தாத்தா வேலை பார்த்த மில் பெயரும் 1921-இல் இருக்கிறது. கட்டடம் இடிந்துவிட்டது, ஆனால் அத்தைக்கு இடம் தெரிகிறது.

அடுத்து நெசவாளரின் கல்யாணம். எங்கே தொடங்குவது?

பழையஏடு

1835-லிருந்து பின்னோக்கி நான்கைந்து வருஷம் போங்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர் என்ற சபையாரையும் யூதர்களையும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டும், அதனால் சபை எதுவானாலும் பங்கு ஏட்டில் இருப்பார்கள். புனித சாட்டிலும் ராச்டேலிலும் பாருங்கள், ஓல்டம் புனித மேரியையும் விடாதீர்கள்.

கல்யாண ஏட்டோடு, ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த ஏட்டையும் கேளுங்கள். நம் கோயில்களில் போலவே மூன்று ஞாயிறு வாசித்து, இருவரும் எந்தப் பங்கு என்று குறித்திருப்பார்கள். பெண் வேறு பங்காக இருந்தால் அவள் வீடு எங்கே என்பது அதில்தான் தெரியும். சாட்சிகள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் சாட்சியாக வந்தால் அவர் கோயில் பணியாளர், விட்டுவிடலாம். ஒரு முறை மட்டும் வருகிற பெயரைப் பிடியுங்கள், அது பெரும்பாலும் அண்ணன் தம்பியோ தங்கையோதான். அந்த ஆளை 1841-இல் தேடிப் பாருங்கள். படம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், கையெழுத்தைச் சேர்ந்து படிக்கலாம்.